முதலில் பெடலைக் கழற்றுங்கள்

சைக்கிளை அரைக்கால் சட்டை வயதிலேயே பழகியிருக்க வேண்டும், முப்பது நாற்பது ஆகிவிட்டால் உடம்பு கேட்காது என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பேச்சு எடுபடாது. சைக்கிளின் மூதாதையான இரண்டு சக்கர வண்டியை 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஓட்டிக்காட்டிய கார்ல் ஃபான் டிரைஸுக்கு அப்போது 32 வயது. 1860களின் கடைசியில் பெடல் வைத்த வண்டி பாரிஸிலும் அமெரிக்க நகரங்களிலும் பரவியபோது, அதைப் பழக்குவதற்கென்றே கட்டணப் பயிற்சிக்கூடங்கள் முளைத்தன. அங்கே காசு கட்டி விழுந்து எழுந்தவர்கள் மீசை முளைத்த ஆண்கள். முன்சக்கரம் ஆள் உயரம் இருந்த காலத்து சைக்கிளை மார்க் ட்வைன் 1884இல், ஐம்பதை நெருங்கும் வயதில் கற்றுக்கொண்டார். பட்ட பாட்டை ஒரு கட்டுரையாகவும் எழுதிவைத்தார். அது அவர் இறந்த பிறகு அச்சேறியது. பெண்ணுரிமைக்காகவும் மதுவிலக்குக்காகவும் உழைத்த அமெரிக்கரான ஃப்ரான்சிஸ் வில்லர்டு 53 வயதில் கற்று, 1895இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். அதே ஆண்டு மாஸ்கோவில் அறுபதைத் தாண்டிய டால்ஸ்டாய் சைக்கிள் ஏறினார். சைக்கிள் என்ற பொருளைப் பழகிய முதல் இரண்டு தலைமுறையுமே பெரும்பாலும் பெரியவர்கள்தான். குழந்தைகளுக்கான சைக்கிள் பின்னால்தான் பரவலானது.

இவர்களெல்லாம் வசதியும் ஓய்வும் உள்ள தனிமனிதர்கள், விதிவிலக்குகள் என்று ஒருவர் சொல்லலாம். அதற்குப் பதில் புதுக்கோட்டையில் இருக்கிறது. 1991இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கூலி வேலை செய்த பெண்கள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் என்று பலரும் மாலை நேரங்களில் பொட்டல் வெளிகளில் கற்றார்கள். கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்கள் அவர்களில் ஏராளம். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டதாகவும், பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே குழந்தையை உட்கார வைக்க அந்தப் பார் உதவுகிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஒரு லட்சம் பேரை விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. அப்படியானால் இன்று நாற்பது வயதில் சைக்கிள் ஏறி, இரண்டு நாளில் கைவிடுகிறவர்களுக்குத் தடையாக நிற்பது எது? வயது கொஞ்சம்தான். வயதோடு வந்து சேரும் எச்சரிக்கையும், அந்த எச்சரிக்கைக்கு இசைந்துபோகும் தவறான பயிற்சி முறையும்தான் பெரும்பகுதி என்பது என் வாதம். இதைப் புரிந்துகொள்ளச் சைக்கிள் எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சுழலும் சக்கரம் பம்பரத்தைப் போல் நிமிர்ந்து நிற்கும், அதனால் சைக்கிள் விழுவதில்லை என்று நம்மில் பலர் படித்திருப்போம். டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் 1970இல் இதைச் சோதித்தார். முன்சக்கரத்தோடு இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதை எதிர்த்திசையில் சுழலவிட்டு, பம்பர விளைவை ரத்து செய்தார். சைக்கிளை ஓட்ட முடிந்தது. 2011இல் அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கரம் தானாகப் பின்னால் இழுபடும் விளைவும் இல்லாமல் ஒரு சிறு வண்டியை உருவாக்கித் தள்ளிவிட்டார்கள். ஆள் இல்லாமலே அது விழாமல் ஓடியது. இந்த ஆய்வுகளிலிருந்து தெளிவாகத் தேறுவது ஒன்று: சாய்கிற பக்கமே முன்சக்கரம் திரும்ப வேண்டும். திரும்பினால் சக்கரங்கள் உடலின் எடைக்குக் கீழே வந்து சேர்ந்துவிடும். உள்ளங்கையில் துடைப்பத்தைச் செங்குத்தாக நிறுத்துகிறவர், அது சாயும் பக்கம் கையை நகர்த்துவதும் இதே வேலைதான்.

இங்கே வேகம் குறுக்கே வருகிறது. ஒரு குறிப்பிட்ட சாய்வைச் சமாளிக்க ஹேண்டிலை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. சாதாரண சைக்கிளுக்குக் கணக்குப் போட்டால், ஒரு பாகை சாய்வைத் தாங்க, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் அரைப் பாகை திரும்பினால் போதும். நடக்கும் வேகமான 5 கிலோமீட்டரில் ஏறத்தாழ ஐந்து பாகை திருப்ப வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கானால் கைக்கு வேலை ஒன்பது மடங்கு. பயந்தவர் மெதுவாகப் போகிறார். மெதுவாகப் போவதால் ஹேண்டில் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஆடுவதைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் மெதுவாகப் போகிறார். சைக்கிள் ஓட்டுவதிலேயே கடினமான பகுதி ஊர்ந்து போவதுதான். பெரியவர்கள் பாடத்தை அந்தக் கடைசி அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

யோசித்துச் செய்வதற்கும் இதில் நேரம் கிடையாது. சைக்கிளும் ஆளும் சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், திருத்தாமல் விட்ட சாய்வு 0.22 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கண்ணால் பார்த்து, ‘சாய்கிறேன், திருப்ப வேண்டும்’ என்று முடிவெடுத்துக் கையை அசைக்கவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும். ஆகவே சாய்வதற்கு முன்பே சாயப்போவதைக் கணித்துத் திருத்தும் ஒரு ஏற்பாடு உடலுக்குள் உருவாக வேண்டும். சிறுமூளைக்கு இதில் பெரும் பங்கு உண்டு; அது கற்பது பிழைகளிலிருந்து. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால்தான் அதன் நரம்பிணைப்புகள் மாறும். சொல்லிக்கொடுப்பது அங்கே போய்ச் சேராது. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் ஒரு பகுதி நீக்கப்பட்டு, புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போன ஹென்றி மொலைசனைப் பிரெண்டா மில்னர் பரிசோதித்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார். முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கைத்திறன் சேமிக்கப்படும் இடம் வேறு, கதை சொல்லும் நினைவு இருக்கும் இடம் வேறு. இதற்குச் சைக்கிளிலேயே ஒரு சான்று உண்டு. வலப்பக்கம் திரும்ப, ஹேண்டிலை முதலில் மிகச் சிறிதளவு இடப்பக்கம் தள்ளி, உடலை வலப்பக்கம் சாயவிட வேண்டும். எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், செய்வது தெரியாது. விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் வில்பர் ரைட், ஓட்டத் தெரிந்தவர்களிடமே இதைக் கேட்டுப்பார்த்து, தாங்கள் செய்வதை அவர்கள் அறியவில்லை என்று கண்டார்.

இப்போது நம் ஊர்ப் பயிற்சி முறையைப் பாருங்கள். ஒருவர் ஏறி உட்கார, இன்னொருவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். சாய்வு வரும்போதெல்லாம் பிடித்திருப்பவர் திருத்திவிடுகிறார். அவருடைய சிறுமூளைக்கு நல்ல பயிற்சி. ஓட்டுகிறவருக்கு வரவேண்டிய பிழைச் செய்தி வராமலே போகிறது. பக்கச் சக்கரம் அதைவிட மோசம். அது வண்டியைச் சாயவே விடாது என்பதால் மூன்று சக்கர வண்டியாக்கிவிடுகிறது. அதில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் ஹேண்டிலை நேராகத் திருப்பலாம். சைக்கிளில் பிறகு மறக்க வேண்டிய, நேர் எதிரான பழக்கத்தை அது ஊட்டுகிறது. இத்தோடு ‘கையை இறுக்கிப் பிடி, இடுப்பை வளைக்காதே, காலைப் பார்’ என்ற ஆலோசனைகள் வேறு. ஜெர்மனியில் பயின்ற உளவியலாளர் காப்ரியேல் வுல்ஃபும் சகாக்களும் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஒரு சோதனை நடத்தினார்கள். தம் பாதத்தைக் கவனிக்கச் சொல்லப்பட்டவர்களைவிட, பாதத்துக்குக் கீழே உள்ள கருவியின் சக்கரங்களைக் கவனிக்கச் சொல்லப்பட்டவர்கள் வேகமாகத் தேறினார்கள். கவனம் உடம்பை விட்டு வெளியே போகும்போது உடம்பு தன் வேலையைத் தானே பார்க்கிறது. உயரமான மேடையின் விளிம்பில் நிற்க வைத்துப் பார்த்த ஆய்வுகள், பயம் கணுக்கால் தசைகளை விறைக்கச் செய்வதைக் காட்டியிருக்கின்றன. சைக்கிள் மேல் அதே பயத்தில் விறைத்த தோளும் கையும் ஹேண்டிலைத் தானாகத் திரும்ப விடாது. சைக்கிள் தானே செய்துகொள்ளக்கூடிய திருத்தத்தையும் நாமே தடுத்துவிடுகிறோம்.

பிள்ளைகள் வேகமாகக் கற்பது கண்கூடு, அதை எப்படி மறுக்க முடியும் என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லின் 2015இல் வெளியிட்ட காணொலியை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும்படி மாற்றிய சைக்கிளைப் பழக அவருக்கு எட்டு மாதம் ஆனது. சிறுவனான அவருடைய மகனுக்கு இரண்டே வாரம். ஆனால் அவர் பல ஆண்டுகள் ஊறிய பழக்கத்தை அழித்துவிட்டு எழுத வேண்டியிருந்தது. நாற்பது வயதில் முதன்முதலாக ஏறுகிறவருக்கு அழிக்க எதுவும் இல்லை. இயற்பியலும் பெரியவர் பக்கம்தான் இருக்கிறது: துடைப்பத்தை நிறுத்துவது எளிது, பென்சிலை நிறுத்துவது கடினம். எடை மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் குழந்தைக்குச் சாய்வு இரட்டிப்பாக 0.19 நொடிதான், பெரியவருக்குச் சற்றே கூடுதல் அவகாசம். குழந்தைகளின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. குரங்குப் பெடல் போட்டுப் பழகும் பையன் ஒரு மாலையில் எத்தனை முறை விழுந்தாலும் அது செய்தியாவதில்லை. அவன் பிழைகளைத் தாராளமாகச் சேர்க்கிறான். பார்ப்பவர்கள் சிரிப்பார்களே என்று நிறுத்துவதில்லை.

மூளை முதிர்ந்துவிடுவதை நான் மறைக்கவில்லை. பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் பழகிய இளைஞர்களின் மூளையில், அசைவைக் கவனிக்கும் பகுதி பெருத்ததை 2004இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, சராசரியாக அறுபது வயதுள்ளவர்களிடமும் அதே மாற்றத்தைக் கண்டார்கள். ஆனால் வித்தையில் இளைஞர்கள் எட்டிய திறமையை முதியவர்களில் பலர் எட்டவில்லை. வயது வேகத்தைக் குறைக்கிறது, கதவைச் சாத்துவதில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் எலும்பைப் பற்றியது. பத்து வயதில் முட்டி சிராய்ப்போடு போவது, அறுபதில் மணிக்கட்டு முறிவாகலாம். தலைசுற்றல் உள்ளவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், சமநிலையைப் பாதிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே ஏற வேண்டும். நம் சாலைகளின் நிலைமையும் வாதத்துக்கு அப்பாற்பட்டது. கற்ற கையோடு பேருந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொல்வது அறிவுரையாகாது. ஆனால் இந்த ஆட்சேபங்கள் எல்லாம் விழாமல் கற்கும் முறையைத் தேடச் சொல்கின்றன. கற்காதே என்று சொல்லவில்லை.

அந்த முறை டிரைஸின் வண்டியிலேயே இருக்கிறது. அவருடைய வண்டியில் பெடல் கிடையாது. சீட்டில் உட்கார்ந்து, கால்களால் தரையை மாறி மாறி உந்திப் போக வேண்டும். பெடல் வர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சமநிலை முதலில், மிதிப்பது பிறகு என்ற இந்த வரிசைதான் கற்பதற்கும் சரியான வரிசை. வெளிநாடுகளில் பெரியவர்களுக்கான வகுப்புகள் பலவற்றில் இப்போது இதையே பின்பற்றுகிறார்கள். பெடலைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுமளவுக்குச் சீட்டை இறக்கிவிட வேண்டும். சாய்ந்தால் கால் ஊன்றலாம் என்பதால் பயம் குறையும், கை தளரும். அதே சமயம் சாய்வு தடையின்றி வரும், பிழைச் செய்தி சிறுமூளைக்குப் போய்ச் சேரும். லேசான சரிவுள்ள மைதானம் கிடைத்தால், இறக்கமே வேகத்தைக் கொடுத்துவிடும். உந்திவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து அடி போக முடிகிறவருக்குப் பாதிக்கு மேல் வந்துவிட்டது. பெடலைத் திரும்ப மாட்டினால், மிதிப்பது பெரும்பாலோருக்குச் சீக்கிரமே வரும். ப்ரேக்கை மட்டும் முதல் நாளே பழகிவிட வேண்டும்.

ஒரே நாளில் முடித்துவிடும் ஆவேசமும் வேண்டாம். ஆலன் பேட்லி 1978இல் பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்த ஆய்வை வெளியிட்டார். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்தில் அதே திறமையை அடைந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு மணி நேரக்காரர்கள்தான் தங்கள் பயிற்சியில் அதிகம் அதிருப்தி காட்டினார்கள்; நாள் கணக்கில் பார்த்தால் மெதுவாகப் போவதுபோல் தோன்றியதே காரணம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல செய்தி: மாலையில் அரை மணி நேரம் போதும்.

பக்கத்துத் தெரு சைக்கிள் கடையில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பெடலைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். நீங்களே கழற்றுவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: வலப்பக்கப் பெடல் வழக்கமான மரை, ஸ்பேனரை இடஞ்சுழியாகத் திருப்பினால் வந்துவிடும். இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ். அதை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்.