முன்னச்சின் பட்டை

கன்னியாகுமரியிலிருந்து பன்வேல் வரை செல்லும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், திருவனந்தபுரத்திற்கு வடக்கே அமைந்திருப்பது கழக்கூட்டம். நாகர்கோவில், களியக்காவிளை வழியாகத் தமிழகத்துச் சுமை லாரிகள் பல இவ்வூரைக் கடந்து செல்கின்றன. 2022ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உயர்பாலம் பயணத்தை எளிதாக்கியுள்ளது. எனினும் சாலை எவ்வளவு சீர்பட்டாலும், லாரியின் முன்பாரத்தைத் தாங்கும் பட்டை சீராக இல்லையெனில் ஓட்டுநருக்குப் பாதுகாப்பில்லை. கேரளத்தில் லாரித் தொழிலை நம்பி வாழும் நம்மவர்க்குப் பயன்படும் என்பதால், அதனைப் பற்றிச் சிறிது காண்போம்.

பட்டை என்பது நீளம் படிப்படியாகக் குறையும் எஃகுத் தகடுகளின் அடுக்கு ஆகும். நடுவே சென்டர் போல்ட் அவற்றைக் கோத்து நிற்கிறது. யூ போல்ட்டுகள் அவற்றை அச்சோடு பிணைக்கின்றன. மேலுள்ள மெயின் பட்டையின் ஒரு முனை அடிச்சட்டத்தில் பின்னால் இணைக்கப்பட்டிருக்கும். மறுமுனை ஷேக்கிளில் தொங்கும். பாரம் ஏறும்பொழுது வளைவு நிமிர்ந்து பட்டை நீளுமாதலால், அசைவதற்கு இடம் வேண்டும்.

முன்னச்சே வண்டியைத் திருப்புவது. அங்குச் சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நழுவி, ஸ்டீயரிங் இழுக்கத் தொடங்கும். ஆகவேதான் முன்பட்டையைத் தேர்ந்தெடுப்பதில் தனிக் கவனம் வேண்டும் என்கிறோம்.

பட்டை முறிந்தவுடன், ‘இன்னும் தடித்ததாகப் போடுங்கள்’ என்று கூறுவோர் பலர். இது தவறு. தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டர் தகடுகளுக்குப் பதிலாக 12 மில்லிமீட்டர் தகடுகளை இட்டால், விறைப்பு ஏறத்தாழ 73 விழுக்காடு கூடிவிடும். வளைந்து கொடுக்காத பட்டை, குழியின் அதிர்ச்சியை அடிச்சட்டத்திற்கும், ஸ்டீயரிங் மூட்டுகளுக்கும், ஓட்டுநரின் முதுகெலும்பிற்கும் அனுப்பிவிடுகிறது. ஆதலால் தயாரிப்பாளர் குறித்த எண்ணிக்கை, அகலம், தடிமன், வளைவு ஆகியவற்றையே பின்பற்ற வேண்டும். நடுவில் தடித்து முனைகளில் மெலியும் பரவளையப் பட்டைகளுடன் சாதாரணத் தகடுகளைக் கலத்தல் கூடாது. பதிவுச் சான்றிதழில் கண்ட எடைக்கு மேல் ஏற்றுவோர்க்கு எந்தப் பட்டையும் உதவாது.

மாற்றும் முறை யாது? சுமையை இறக்கி, சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு அடைகொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடிச்சட்டத்தின் கீழ் உறுதியான தாங்கிகளை வைத்தபின்பே கீழே செல்லலாம். ஒரு பக்கம் மட்டும் முறிந்திருப்பினும் இருபக்கமும் மாற்றுவதே நன்று. புதியதும் தளர்ந்ததும் இணைந்தால் வண்டி சாயும். யூ போல்ட்டுகளும் நட்டுகளும் புதியனவாக இருத்தல் வேண்டும். அவற்றை எதிரெதிராக, சிறிது சிறிதாக, குறித்த அளவிற்கு முடுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முடுக்குவதை மறத்தலாகாது. தேய்ந்த புஷ்ஷையும் பின்னையும் அப்பொழுதே மாற்றிவிடலாம். முறிந்த தகட்டை வெல்டிங் செய்து ஒட்டுவது பேராபத்து. அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டு, வேறிடத்தில் முறியும்.

கழக்கூட்டத்திற்கு அருகே கடல். அதன் உப்புக்காற்றுடன் தென்மேற்குப் பருவமழையும், கேரளத்தார் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் சேர்கின்றன. தகடுகளின் இடையே துரு பிடித்து எஃகில் நுண்குழிகள் விழுகின்றன. வெடிப்பு அங்கேதான் பிறக்கிறது. எனவே மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் குனிந்து பார்ப்பது நலம். தகடுகள் விலகியுள்ளனவா, துருக்கோடு ஓடுகிறதா, வண்டி ஒருபுறம் தாழ்ந்துள்ளதா என்று பார்க்க இரண்டு நிமிடமே போதும். வெளியூரில் உழைத்து வாழும் நமக்கு வண்டியும் உயிரும் ஒருங்கே காக்கப்பட வேண்டியவை அல்லவா?