குயில்ட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் இருக்கைக்கு உறை தைக்கிறவர்களுக்கு குயில்ட்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேலே ரெக்சின், நடுவே மெல்லிய ஃபோம், அடியில் லைனிங். மூன்றையும் சேர்த்து வைர வைரமாக ஓடும் தையல். படுக்கை விரிப்பாகவும் போர்வையாகவும் உலகம் முழுக்கப் புழங்கும் குயில்ட்டும் இதே அமைப்புதான். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, மூன்றையும் ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும் நூல். அந்த நூல் இல்லையென்றால் நாலு தடவை துவைப்பதற்குள் பஞ்சு திரண்டு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். தையல் பஞ்சை இருந்த இடத்தில் நிறுத்துகிறது. பஞ்சு தன் இழைகளுக்குள் காற்றைப் பிடித்து வைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிரில் உடம்புச் சூட்டைக் காப்பாற்றுவது அந்தக் காற்றுதான்.

குளிரே இல்லாத ஊரில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் 2019 ஜனவரியில் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது நம் சென்னையில்தான். குயில்ட் கட்டிலை விட்டுச் சுவருக்கு ஏறி வெகுநாளாகிறது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குயில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. 2002-ல் அதே அருங்காட்சியகத்துக்கு அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரிலிருந்து குயில்ட்டுகள் வந்தன. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டைகளையும் வேலைச் சட்டைகளையும் வெட்டித் தைத்தவை அவை. முழங்கால் பட்டு வெளுத்த இடம்கூட அப்படியே வடிவத்தின் பகுதியாகிவிட்டிருக்கும்.

இப்படியொரு கண்காட்சிக்குப் போனால் முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நிறமும் அமைப்பும் அங்கிருந்துதான் தெரியும். பிறகு கிட்டே போய், துண்டுகள் கூடும் முனைகளைப் பாருங்கள். எட்டு முக்கோணங்கள் ஒரு புள்ளியில் கூட வேண்டிய இடத்தில் ஒரு நூலிழை விலகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தொங்கவிட்டால் நெளியாமல் நேராக நிற்கிறதா, ஓரப்பட்டி உள்ளே வெற்றிடம் இல்லாமல் நிறைந்திருக்கிறதா, தையல் சீராக இருக்கிறதா என்றெல்லாம் நடுவர்கள் கவனிப்பார்கள். பெரிய கண்காட்சிகளில் வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நிற்பதுண்டு. கையில் இருக்கும் எண்ணெய்ப்பசை துணியைக் கெடுக்கும் என்பதால் நாம் தொடக்கூடாது. கேட்டால் அவர்கள் புரட்டிக் காட்டுவார்கள். கட்டாயம் கேளுங்கள். முன்பக்கத்தின் வண்ணங்கள் இல்லாமல் வெறும் தையல் மட்டும் மேடுபள்ளமாகத் தெரிவது பின்பக்கத்தில்தான். தைத்தவரின் கை அங்கே ஒளிய முடியாது.

இன்று போட்டிக்கு வரும் பல குயில்ட்டுகளில் அந்தத் தையலைப் போடுவது லாங்-ஆர்ம் என்ற மிஷின். வீட்டுத் தையல் மிஷினில் துணி நகரும், ஊசி நின்ற இடத்தில் ஏறி இறங்கும். இதில் துணி நீண்ட சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு நிற்க, மிஷினே சக்கரங்களின் மேல் நாலாபக்கமும் நகர்கிறது. கைப்பிடியைப் பிடித்து, பேனாவால் வரைவதுபோல் ஊசியால் வரையலாம். கை வேகமாகப் போனால் தையல் நீளும், மெதுவாகப் போனால் நெருங்கும். இதைச் சரிசெய்யத்தான் சக்கரங்களில் சென்சார் வைத்தார்கள். மிஷின் நகரும் வேகத்தை அது அளந்து சொல்ல, மோட்டார் ஊசியின் வேகத்தை அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது. எப்படி இழுத்தாலும் தையலின் நீளம் மாறாது. அருமையான பொறியியல்தான்.

ஆனாலும் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது கவந்தி என்ற கைத்தையல் குயில்ட். கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர். அவர்களின் பெண்கள் ஒரு பழைய சேலையை விரித்து, மூலையில் தொடங்கி, ஓரத்தோடு சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கி வருகிறார்கள். துண்டின் விளிம்பை விரலால் உள்ளே மடிப்பதும், அதைப் பிடிக்கிற ஓட்டத் தையலும் ஒரே ஓட்டத்தில் நடக்கின்றன. முன்கூட்டி வரைந்த படம் கிடையாது. அடுத்த துண்டு எது என்பதைக் கண் தீர்மானிக்கிறது. கடைசியில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிகளை அடுக்கி வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பெயர் ‘பூலா’, அதாவது பூ. பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு நிறைவான கவந்தி அல்ல. எந்த மிஷினும் தராத ஒரு துணிச்சல் அந்த வண்ணச் சேர்க்கையில் இருக்கிறது.

குயில்ட் மேலைநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறவர்கள் நம் கடற்கரையை மறந்துவிடுகிறார்கள். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்து வாங்கியது துணி. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பேற்றிய பூத்துணிகள், துவைத்தாலும் நிறம் போகாதவை என்பதால் ஐரோப்பாவைக் கிறங்கடித்தன. உள்ளூர் நெசவாளர்களைக் காக்க பிரான்ஸ் 1686-லேயே அவற்றைத் தடைசெய்தது; இங்கிலாந்தும் பின்தொடர்ந்தது. மிஞ்சிய துண்டுகளை யாரும் எறியவில்லை. பூக்களைத் தனித்தனியாகக் கத்தரித்து வெறுந்துணியில் ஒட்டவைத்துத் தைத்தார்கள். அது ஒரு தனிக் குயில்ட் பாணியாகவே வளர்ந்தது.

இந்தக் கலை இன்று நம் தொழிற்பேட்டைகளுக்கு வெகு அருகில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிய விடுதிகளில் வங்கத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள். பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் வங்கத்தின் காந்தாவும் பிகாரின் சுஜனியும் அவர்களின் ஊர்க் கைவேலைகள். சுஜனிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம் வீடுகளிலும் பாட்டியின் நூல்புடவையை நாலாக மடித்து ஓரமடித்த பிள்ளை விரிப்பு இருக்கும். தைக்கத் தெரிந்த கைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஒரு திருமண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, இவற்றையெல்லாம் கொடியில் தொங்கவிட்டால் ஸ்ரீபெரும்புதூருக்கே ஒரு குயில்ட் கண்காட்சி கிடைத்துவிடும். தொழிற்சாலைகளின் பணியாளர் மன்றங்கள் இதை எடுத்துச் செய்ய வேண்டும். பெட்டியில் அப்படியொரு விரிப்பு வைத்திருக்கிறவர்கள் தைத்தவரின் பெயரை ஒரு துணியில் எழுதி, இன்றே அதன் பின்பக்கத்தில் தைத்து வையுங்கள்.