அடுப்புக்கு மேலே மிளகாய்

நம் ஊரில் மிளகாய் மொட்டை மாடி வெயிலில் சருகாய்க் காயும். தென்மேற்குச் சீனாவின் குய்சோ மலைகளில் அறுவடை நேரத்தில் அந்த வெயிலுக்கு வழியில்லை. மூட்டமும் தூறலும்தான். அதனால் மிளகாயையும் மக்காச்சோளத்தையும் வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே காயவைப்பார்கள்.

காட்டு மரங்கள் வெட்டித் தீர்ந்ததும் விறகு போய், அருகிலேயே தோண்டக் கிடைத்த நிலக்கரி அடுப்புக்கு வந்தது. அன்று அந்த அடுப்புக்குப் புகைபோக்கி இருந்ததில்லை. பின்னால் வந்த துயரத்துக்கெல்லாம் அந்த ஒரு குழாய் இல்லாததே பெரிய காரணம் என்பேன்.

அந்தக் கரி சாதாரணக் கரி அல்ல. பூமிக்கடியிலிருந்து பாறை வெடிப்புகள் வழியே ஏறிய வெந்நீர் அந்த வட்டாரத்தில் தங்கத்தைப் படியவிட்டது. கூடவே நிலக்கரிப் படுகைகளில் ஆர்சனிக்கையும் ஏற்றியது. நம் பெரியவர்கள் பாஷாணம் என்று அஞ்சியது இதைத்தான். உலக நிலக்கரியில் ஆர்சனிக் சராசரியாக டன்னுக்குப் பத்து கிராமை ஒட்டித்தான் இருக்கும். குய்சோவின் சில மாதிரிகளிலோ டன்னுக்கு 35 கிலோ! எல்லாக் கரியும் அப்படியில்லை. ஒரு சில ஊர்களின் படுகைகள் மட்டுமே. ஆனால் இரண்டு கறுப்புக் கட்டிகளைப் பக்கத்தில் வைத்தால் எது விஷம் என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

எரியும்போது ஆர்சனிக் ஆவியாகிப் புகையோடு ஏறி மிளகாயில் படிகிறது. பச்சை மிளகாயில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்கூட இராது. புகையில் காய்ந்ததில் 500 மில்லிகிராமைத் தாண்டியதும் உண்டு. அது தினமும் சாப்பாட்டில் விழுந்தது. உடம்பில் கரும்புள்ளிகள் பரவின. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்து, மரு மருவாய்ப் புடைத்தது. சிலருக்கு அது புற்றானது. குறைந்தது 3,000 பேருக்குப் பாதிப்பு.

குய்யாங் நகரப் புவிவேதியியல் கழகத்தின் ஜெங் பாவ்ஷானும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ராபர்ட் ஃபிங்கல்மனும் தம் குழுக்களோடு கரியையும் மிளகாயையும் அளந்து இந்தச் சங்கிலியைக் கோத்துக் காட்டினார்கள். நோயைத் தேடி மருத்துவர்கள் போன ஊருக்குப் பாறை படித்தவர்களும் போனது எவ்வளவு நல்லதாயிற்று!

இன்று அந்தக் கரிச் சுரங்கங்களுக்குத் தடை. அடுப்புகளுக்குப் புகைக் குழாய் வந்துவிட்டது. மின் அடுப்பும் வருகிறது. வீட்டுக்குள் காற்று மாறியிருக்கிறது. கைகள்தான் மாறவில்லை, தடித்த தோல் அப்படியே இருக்கிறது. ஆர்சனிக் ஊன்றிய புற்று பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். அன்று அந்த அடுப்பருகே குளிர்காய்ந்த பிள்ளைகளுக்கு இப்போது நடுவயது.