புகையானுக்கு மருந்து பழகிவிட்டதா?

"போன வருஷம் கேட்ட மருந்து இந்த வருஷம் கேட்கவில்லை. பூச்சிக்கு மருந்து பழகிப்போச்சு" என்று விவசாயிகள் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்தது போல் காய்ந்து நிற்கும். கடன் வாங்கி மருந்து தெளித்தும் புகையான் அடங்காது. மருந்து கலப்படமோ, தெளித்த ஆள் தூரில் படும்படி தெளிக்கவில்லையோ என்ற ஐயம் எழும். சில சமயம் அவையும் காரணமாகலாம். ஆனால் பல சமயம் பூச்சியினமே மாறிவிட்டது என்பதுதான் உண்மை.

ஓர் உயிரினம் தலைமுறை தலைமுறையாக இப்படி மாறுவதையே விஞ்ஞானிகள் பரிணாமம் என்கிறார்கள். பரிணாமம் என்றதும் குரங்கும் மனிதனும் நினைவுக்கு வரும். அது பள்ளிக்கூடப் பாடம், நமக்கு எதற்கு என்று தோன்றும். உண்மையில் அதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர் விவசாயிதான்.

மூன்று அடிப்படைகள்

முதலாவது, வேற்றுமை. ஒரே ஆடு போட்ட குட்டிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரண்டாவது, மரபு. இந்த வேற்றுமைகளில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. மூன்றாவது, தேர்வு. பிறப்பவை எல்லாம் பிழைத்து இனம் பெருக்குவதில்லை. அந்தந்தச் சூழ்நிலைக்கு ஏற்ற குணம் உடையவை கூடுதலாகப் பிழைக்கின்றன. அவற்றின் சந்ததியே வர வரப் பெருகுகிறது.

நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கிறோம். நல்ல காளையாகப் பார்த்துப் பசுவுக்குச் சேர்க்கிறோம். இதுவும் தேர்வுதான். இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலை, மனிதன் வளர்க்கும் பயிர்களையும் பிராணிகளையும் பற்றிய அத்தியாயத்துடன்தான் தொடங்கினார். மனிதன் செய்யும் இந்தத் தேர்வை இயற்கையும் செய்கிறது என்பதே அவருடைய வாதம்.

நெல்லே சாட்சி

காட்டு நெல் பழுத்தவுடன் தானாகவே உதிர்ந்துவிடும். உதிர்ந்தால்தான் அது மறுபடி முளைக்க முடியும். ஆதியில் நெல்லை அறுத்த மக்களின் கைக்கு உதிராத கதிர்களின் மணிகளே அதிகம் வந்தன. அவற்றையே அவர்கள் மீண்டும் விதைத்தார்கள். கிழக்குச் சீனாவில் தியான்லுவோஷான் என்னும் இடத்தில், ஏறத்தாழ 6,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல்மணிகளின் அடிப்பகுதிகள் மண்ணுக்குள் கிடைத்தன. அவற்றில் உதிராத வகை 27 விழுக்காடாக இருந்தது. சுமார் 300 ஆண்டுகளில் அது 39 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு பயிர் மாறிவந்த கணக்கை மண்ணே எழுதி வைத்திருக்கிறது.

நாற்றுப் பருவத்தில் நெல்லைப் போலவே தோன்றும் குதிரைவாலிப் புல்லையும் எண்ணிப் பாருங்கள். களை எடுப்பவர் கண்ணில் வேறாகத் தெரிந்த புல் பிடுங்கப்பட்டது. நெல்லைப் போல் நிமிர்ந்து நின்ற புல் தப்பித்து விதை போட்டது. களைக்கு வேடம் போடத் தெரியாது. பல நூறு ஆண்டுகளாகக் கையால் களை எடுத்த நாமேதான், அறியாமல் அந்த வேடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தோம்.

பெரிய மாற்றங்களுக்கும் சான்று உண்டு

இவை சிறு மாற்றங்கள்தானே என்று கேட்கலாம். ஆட்டின் முன்னங்காலையும் மனிதனின் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு சிறு எலும்புகள் என்ற ஒரே அமைப்பு இரண்டிலும் இருக்கிறது. வௌவாலின் சிறகிலும் அதே அமைப்புதான். பொதுவான ஒரு மூதாதை இருந்ததற்கு இது அடையாளம். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், சுருண்ட ஓடுடைய அம்மோனைட் என்னும் கடலுயிரின் கல்லாகிப்போன எச்சங்கள் கிடைக்கின்றன. அந்த இனம் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. உயிரினங்கள் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை என்பதை இத்தகைய எச்சங்கள் காட்டுகின்றன.

புகையான் கற்பித்த பாடம்

இனி வயலுக்குத் திரும்புவோம். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐ.ஆர். 26 ரகம் 1973-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பெற்றோரில் ஒன்று நம் தமிழ்நாட்டின் டி.கே.எம். 6 ஆகும். புகையானை எதிர்க்கும் ஒரு மரபணு ஐ.ஆர். 26-இல் இருந்தது. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் விவசாயிகள் அதை ஆவலோடு பயிரிட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே புகையான் அதையும் அழிக்கத் தொடங்கியது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த புகையானிடம் அந்த ரகம் தொடக்கத்திலேயே தாக்குப்பிடிக்கவில்லை. ஒரே பூச்சிதான் என்றாலும் இடத்துக்கு இடம் அதன் குணம் வேறு.

அடுத்து 1976-இல் வேறொரு மரபணுவுடன் ஐ.ஆர். 36 வந்தது. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல்லிலிருந்து, புகையான் பரப்பும் குட்டை நோயைத் தாங்கும் குணத்தையும் அதற்குக் கொடுத்திருந்தார்கள். காட்டு நெல்லும் வயல் நெல்லும் உறவுமுறை என்பதால்தான் இவ்வாறு ஒட்டுச் சேர்க்க முடிந்தது. இந்த ரகம் பல ஆண்டுகள் நின்றது. பிறகு அதன் மரபணுவையும் வெல்லும் புகையான் சில பகுதிகளில் தோன்றியது.

மருந்திலும் இதே கதைதான். இமிடாகுளோபிரிட் மருந்து முதலில் புகையானை நன்றாகக் கட்டுப்படுத்தியது. 2003-ஆம் ஆண்டுக்குப் பின் ஆசிய நாடுகள் பலவற்றில் அதன் வலிமை வெகுவாகக் குறைந்தது. மருந்தை உடலுக்குள்ளேயே சிதைத்துவிடும் நொதி, பிழைத்த பூச்சிகளில் மிகுதியாகச் சுரப்பது ஆராய்ச்சியில் தெரியவந்தது.

பழகவில்லை, பிழைத்தது

தனியொரு பூச்சி மருந்துக்குப் பழகுவதில்லை. கணக்குக்காக, ஒரு வயலில் பத்தாயிரம் புகையான் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் பத்துக்கு மட்டும் மருந்தைத் தாங்கும் குணம் பிறவியிலேயே இருக்கிறது. மருந்து அடித்ததும் மற்றவை பெரும்பாலும் மடிகின்றன. அந்தப் பத்தும், மருந்து படாமல் தப்பிய சிலவும் மிஞ்சுகின்றன. ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கும் மேல் முட்டையிடும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். அதில் தாங்கும் பூச்சிகளின் பங்கு பல மடங்கு உயர்ந்திருக்கும். மீண்டும் அதே மருந்தை அடித்தால் இன்னும் உயரும். நாம் விதைக்குக் கதிர் பொறுக்குவது போல, மருந்து பூச்சியைப் பொறுக்குகிறது.

"கேட்காவிட்டால் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள்" என்று இளம் வயதில் நானும் விவசாயிகளிடம் சொன்னதுண்டு. அது தவறான யோசனை. அளவு கூடினால் புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் மடியும். மிஞ்சுவது மேலும் வலுத்த புகையானே. இந்தோனேசியாவில் புகையான் சேதம் பெருகியபோது, 1986-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெற்பயிருக்குத் தடை செய்ததற்கு நன்மை செய்யும் பூச்சிகளின் அழிவும் ஒரு முக்கிய காரணம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடவேண்டும். தூரில் காற்றும் வெளிச்சமும் பட்டால் புகையான் பெருகுவது குறையும். தழைச்சத்தைப் பிரித்து, அளவோடு இடவேண்டும். நீரை வடித்து, காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும்.

தூருக்கு ஒரு புகையான் என்ற நிலை வந்தால் மட்டும் மருந்தை நினைக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடிக்கக்கூடாது. அவை புகையானைப் பெருக்கிவிடும்.

ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கக்கூடாது. கம்பெனிப் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கலாம். இமிடாகுளோபிரிட்டும் தயாமீதாக்சமும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆகவே டப்பாவில் அச்சிட்டுள்ள வேதிப்பெயரைப் படித்து, வேளாண்மை அலுவலரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரே ரகத்தை ஊர் முழுவதும் ஆண்டுக்கணக்கில் பயிரிடுவதும் நல்லதல்ல. எதிர்ப்புச் சக்தி உள்ள ரகமானாலும் மாற்றிப் பயிரிட வேண்டும்.

பூச்சியினம் மாறுவதை நாம் நிறுத்திவிட முடியாது. ஆனால் அது எவ்வளவு விரைவில் மாறும் என்பதில் நமக்குப் பங்கு உண்டு. அடுத்த முறை தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன், பட்டத்தில் இறங்கி நாலு குத்தைத் தட்டிப் பாருங்கள். அங்கே சிலந்தி இருந்தால் மருந்துச் செலவு மிச்சம். இன்று அடிக்காமல் விட்ட மருந்து, உண்மையில் தேவைப்படும் நாளில் கேட்கும்.