காணி விளைச்சலும் மாவு மில்லும்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரின் தலவரலாறு ஒரு கழனியில்தான் தொடங்குகிறது. வாய் பேசாத, காது கேளாத, கண் தெரியாத சகோதரர் மூவர் தங்கள் ஒரு காணி நிலத்துக்கு நீர் பாய்ச்சிய கிணறு வற்றிப்போக, அதைத் தோண்டி ஆழப்படுத்தியபோது விநாயகர் திருமேனி வெளிப்பட்டது என்பார்கள். மக்கள் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி அளவுக்குப் பாய்ந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது ஊர் வழக்கு. கழனியில் தோன்றிய அந்தக் கடவுளுக்குப் பிடித்த பண்டமோ மாவால் ஆன கொழுக்கட்டை!

கழனிக்கும் கொழுக்கட்டைக்கும் நடுவில் நிற்பது மாவு மில். அதைப் பற்றிச் சில செய்திகளை நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சித்தூர்ப் பக்கத்தின் உயிர்த் தானியம் கேழ்வரகு. ராகிச் சங்கடி இல்லாத கிராமத்து வீடு இங்கே அபூர்வம். திருப்பதியை அடுத்த பெருமாள்ளப்பள்ளி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 'வகுளா' என்ற கேழ்வரகு ரகத்தையே தந்திருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் இதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

கேழ்வரகின் இன்னொரு சிறப்பு, அதன் விதைத் தோல் உள்ளிருக்கும் மாவுடன் இறுக ஒட்டியிருப்பது. நெல்லைப் போலத் தீட்டி வெளுப்பாக்குவது எளிதல்ல. ஆகவே முழுத் தானியமாகவே அரைக்கிறோம். சத்தும் முழுதாகவே வந்து சேர்கிறது.

கோதுமையின் கதை வேறு. ஒரு கோதுமை மணியில் உள்மாவு சுமார் 83 பங்கு, தவிடு சுமார் 14 பங்கு, மீதி முளைக்கரு. நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் தவிட்டில். எண்ணெயும் உயிர்ச்சத்தும் கருவில். ரோலர் ஆலைகள் இவை இரண்டையும் பிரித்தெடுத்த பின் கிடைப்பதுதான் மைதா. இதை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல்தான் அதிலுள்ள தாதுப் பொருள். நமது உணவுத் தர விதிப்படி ஆட்டாவில் 2 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். மைதாவில் 1 சதவீதம்தான். அமிலத்தில் கரையாத சாம்பல் என்பது மண்ணும் மணலும். ஆட்டாவில் அது 0.15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

பொறுப்பு மில்லில் தொடங்குவதில்லை, களத்தில் தொடங்குகிறது. தானியத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போகப் போகப் பூஞ்சணமும் வண்டும் வரும். சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு அரைத்தாலும் சமைத்தாலும் போகாது. அரைத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. எனவே காயவைத்தல், புடைத்தல், கல் பொறுக்குதல் ஆகிய மூன்றும் அரைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது இயந்திரம். ரயில் பெட்டியின் அச்சுப் பெட்டியைக் கையால் தொட்டே பேரிங் சூட்டைக் கண்டுபிடித்த தலைமுறை எங்களுடையது. மாவு மில்லிலும் சூடுதான் முதல் எதிரி. கல்லை அளவுக்கு மீறி நெருக்கி வைத்தால் மாவு சுடச்சுட விழும், மணம் கெடும், மின்சாரமும் வீணாகும். அந்தச் சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். அகலப் பரப்பி ஆறவைத்த பிறகே கட்ட வேண்டும். இரும்புத் தட்டு மில்லானால், தேய்ந்து விழும் இரும்புத் துகளைப் பிடிக்க ஒரு காந்தம் அவசியம். புதிதாகக் கொத்திய கல்லில் முதலில் கொஞ்சம் தானியத்தை அரைத்துக் கொட்டிவிட வேண்டும். மிளகாய் அரைத்த மில்லில் உடனே குழந்தையின் கூழ் மாவை அரைப்பவரை என்னவென்று சொல்வது!

மாவுத் தூசியையும் மறக்கக் கூடாது. 1878ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் வாஷ்பர்ன் ஆலையில் தூசி தீப்பற்றி வெடித்து, ஆலையில் 14 பேரும் பக்கத்து ஆலைகளில் 4 பேரும் இறந்தனர். நம் சின்ன மில்லில் அப்படி வெடிக்காமல் இருக்கலாம். ஆனால் நாள் முழுதும் அதைச் சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரலாம். முகத்தில் துணி கட்டிக்கொள்வதும், தூசியை வெளியே இழுக்கும் விசிறி வைப்பதும் ஆடம்பரமல்ல. நமக்கு மாவு தருபவரின் மூச்சும் அந்த மாவின் விலையில் அடங்கியதுதான்.

நம் வீட்டில்

பாக்கெட் மாவு எல்லாம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த ஆட்டாவும் வருகிறது. ரொட்டி மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016இல் அரசு தடை செய்ததும் நல்லதே. வடக்கேயிருந்து கோதுமை கொண்டுவரும் சரக்கு ரயிலையும் ரயில்காரனான நான் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்துக் காணியில் விளையும் கேழ்வரகை விட்டுவிட்டு, தெருமுனை மில்லையும் பூட்டவைத்து, பாக்கெட்டையே நம்பினால் மூன்று பேர் நஷ்டப்படுகிறோம். உழவர், மில்காரர், நாம்.

முழுத் தானிய மாவில் கருவின் எண்ணெய் கலந்திருப்பதால் அது சீக்கிரம் காறும். கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: கேழ்வரகானாலும் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். கொரகொரப்பாக அரைத்து, காய்கறியோடு அளவாக உண்பதே நல்லது. கைக்குழந்தைக்கு ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்த மாவு கூழை இளக்கிக் கொடுக்கும், செரிக்கவும் எளிது.

சலித்தெடுத்த தவிட்டை மாட்டுக்குக் கொடுங்கள். மில்லுக்குப் போகும்போது வீட்டிலிருந்தே துணிப்பையோ தூக்கோ கொண்டுபோங்கள்.

அடுத்த விநாயகர் சதுர்த்திக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் போய் அரைத்து வாருங்கள். எந்த ஊர் அரிசி, எந்தக் கல்லில் அரைத்தது என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். மில்காரரிடம் காந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பவர் பெருகினால் அவரும் வாங்கி வைப்பார்.