மயக்க மருந்தால் புற்று பரவுமா?

"ஐயா, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. மயக்க மருந்து கொடுத்தா புற்று உடம்பு பூரா பரவிடும்னு சொல்றாங்களே, நிஜமா? நீங்களே ஏதாவது செந்தூரம் கொடுத்துக் கட்டியைக் கரைச்சிடக் கூடாதா?"

மார்பில் கட்டியோடு வந்த ஒரு அம்மையார் என்னிடம் கேட்டது இது. சித்த வைத்தியன்தானே, வேறு மாதிரி சொல்லுவான் என்று நம்பி வந்திருக்கிறார்! "முதல்ல ஆபரேஷன். தேதியைத் தள்ளிப் போடாதீங்கம்மா" என்றேன்.

அவர் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அறுவை சிகிச்சையின்போது சில புற்று செல்கள் ரத்தத்தில் கலக்கலாம். அவற்றைப் பிடிக்கும் காவல்காரர்கள் நம் உடம்பிலேயே இருக்கிறார்கள். கத்தி படும் அதிர்ச்சியும் வலியும் அந்தக் காவலைச் சில நாள் தளர்த்திவிடும். மார்ஃபின் போன்ற மருந்துகளும் தளர்த்துமோ என்ற ஐயம் எழுந்தது. 2006-ல், மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 129 பேரின் பழைய குறிப்புகளைப் புரட்டினார்கள். முதுகெலும்பை ஒட்டி மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் புற்று திரும்பியது குறைவாக இருந்தது. அதிலிருந்துதான் இந்தப் பேச்சு வலுத்தது.

பழைய ஏட்டைப் புரட்டுவது வேறு, நேரில் சோதிப்பது வேறு. 2019-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், 2,100-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு முதுகில் ஊசியும் புரோபோஃபாலும். மறு சாராருக்கு மயக்க வாயுவும் மார்ஃபின் இன மருந்தும். புற்று திரும்பியது இரண்டிலும் நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான்! ஆகவே, எந்த மயக்கம் என்று கவலைப்பட்டு நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் நாட்டு ஆய்வு ஒன்று இதைவிடச் சுவையானது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை முன்னின்று, 11 மருத்துவமனைகளில் 1,600 பெண்களிடம் செய்தது. பல் பிடுங்கும்போது போடுவார்களே லிக்னோகைன், அதையே சிலருக்குக் கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றிப் போட்டார்கள். ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 90.1 சதவிகிதம், போடாதவர்களில் 86.4. முடிவு 2023-ல் வெளியானது. விலை மலிந்த மருந்து பாருங்கள்! ஆனால் இது மார்பகப் புற்றில் கண்டது. குடல், வயிற்றுப் புற்றுக்கெல்லாம் அப்படியே பொருத்திவிடாதீர்கள். உங்கள் சர்ஜனிடம் கேட்டுப் பாருங்கள், தப்பில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது. வயிற்றில் தையலோடு, "வலி மருந்தே வேண்டாம்" என்று அடம்பிடித்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். இரும முடியவில்லை, எழுந்து நடக்க முடியவில்லை. நெஞ்சில் சளி கட்டிக் கூடுதலாக ஒரு வாரம் படுத்துவிட்டார். வலி இருந்தால் நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சில நாள் டாக்டர் கணக்கிட்டுக் கொடுக்கும் மார்ஃபினால் போதைக்கு அடிமையாகிவிடுவோம் என்று பயப்படத் தேவையில்லை.

என் துறை சம்பந்தப்பட்டதையும் சொல்லிவிடுகிறேன். "நாட்டு மருந்துதானே" என்று மயக்க டாக்டரிடம் மறைக்கிறவர்கள் நிறைய. பூண்டு மாத்திரை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். அந்த அம்மையாரிடம் கேட்டேன். முதலில் "ஒண்ணும் சாப்பிடலையே" என்றார். கணவர் முழங்கையால் இடித்ததும் கைப்பையிலிருந்து பூண்டு மாத்திரை டப்பா ஒன்று, பெயர் ஒட்டாத சூரணப் பொட்டலம் இரண்டு வெளியே வந்தன. மூன்றையும் அன்றே நிறுத்தச் சொல்லி, எத்தனை நாளாகச் சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதி, மயக்க டாக்டர் கையில் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.