கிட்டத்து ஊருக்குப் பிந்தி வந்த அலை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை 8:59க்கு சுமத்ராவின் மேற்கே கடலடியில் நிலம் பிளக்கத் தொடங்கி, அந்தப் பிளவு நிக்கோபார், அந்தமான் பக்கமாக வடக்கே ஓடியது. நிக்கோபார் அருகிலிருந்து அளந்தால் நாகப்பட்டினம் 1,400 கிலோமீட்டருக்கு மேல். பினாங்கு ஏறக்குறைய அதில் பாதிதான். ஆனால் நாகைக்கு அலை சுமார் இரண்டரை மணி நேரத்தில் போய்விட்டது. பினாங்குக்கு வர நாலேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டது.

கணித மாதிரி என்றால் என்ன என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் புதிரைத்தான். ரஜுலா கப்பலில் நாகையிலிருந்து வந்திறங்கிய தாத்தா பாட்டி கதை இங்கே பினாங்கில் பல வீடுகளில் இருக்கிறது. அதே கடல்தான். ஒரு கரைக்குச் சீக்கிரமும் இன்னொரு கரைக்குத் தாமதமாகவும் அலை ஏன் போனது என்று கேட்டால், உதட்டைப் பிதுக்குகிறவர்கள்கூட நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

பெரிய அளவில் இந்தக் கணக்கைச் செய்தவர்கள் கெலுகோரிலேயே இருந்தார்கள். மிண்டன் மேட்டில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் பேராசிரியர் கோ ஹொக் லை, தே சு யீன் ஆகியோரின் குழு, 'டூனா' என்ற சுனாமி மாதிரியை உருவாக்கியது. நான் இங்கே சொல்லப்போவது அதன் வீட்டுச் சமையல் வடிவம். மடிக்கணினி ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் வேலை கேள்வியைக் குறுக்குவது. 'சுனாமியை மாதிரியாக்கு' என்று கிளம்பினால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். எப்போது வரும்? எவ்வளவு உயரத்தில் வரும்? கரையிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே ஏறும்? மூன்றும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குக் காகிதமும் பென்சிலும் போதும். இரண்டாவதற்குக் கணினி வேண்டும். மூன்றாவதற்கு ஒவ்வொரு கடற்கரையின் மேடு பள்ளமும் கையில் இருக்க வேண்டும். எந்தக் கேள்வி என்று முடிவு செய்யாமல் நிரல் எழுத உட்கார்ந்தவர்கள் வாரக்கணக்கில் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

கணினியைத் தொடுவதற்கு முன் காகிதக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நீளமான அலையின் வேகம், நீரின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டிலேயே லக்ராஞ்சு கண்டு சொன்னது. அலை எவ்வளவு உயரம், நீர் உப்பா நன்னீரா என்பதெல்லாம் இதில் வருவதே இல்லை. ஆழம் மட்டும்தான்.

இப்போது பாதையை இரண்டாக வெட்டுங்கள். அந்தமான் கடலில் 300 கிலோமீட்டர், ஆழம் சராசரியாக 1,000 மீட்டர் என்று வையுங்கள். வேகம் வினாடிக்கு 99 மீட்டர், அதாவது மணிக்கு 356 கிலோமீட்டர். கடக்க 50 நிமிடம். அப்புறம் மலாக்கா நீரிணையின் ஆழமில்லாத திட்டு, 350 கிலோமீட்டர், ஆழம் 80 மீட்டர் என்று வையுங்கள். வேகம் வினாடிக்கு 28 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர்தான், நெடுஞ்சாலையில் பஸ் போகும் வேகம். கடக்க மூன்றரை மணி நேரம். கூட்டினால் நாலு மணி இருபது நிமிடம். 8:59ஓடு சேர்த்தால் பிற்பகல் 1:19. பினாங்கில் அலை ஏறியது ஒரு மணியைத் தாண்டித்தான்.

நாகைக்கும் இதையே போடுங்கள். 1,400 கிலோமீட்டர், ஆழம் 3,500 மீட்டர். வேகம் மணிக்கு 667 கிலோமீட்டர். இரண்டு மணி ஆறு நிமிடம். கரையோரத்தில் தயங்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டரையை ஒட்டி வந்துவிடும். புதிர் அவிழ்ந்தது: தொலைவில் இருந்த ஊருக்கு வழி முழுக்க ஆழம், பக்கத்து ஊருக்கு வழியில் பாதிக்கு மேல் மேடு.

விடை ஒத்துவந்ததும் துள்ளக் கூடாது. தூரத்தையும் ஆழத்தையும் நான்தானே முழு எண்ணாக வைத்தேன்? கொஞ்சம் ஆட்டிப் பார்க்க வேண்டும். திட்டின் ஆழம் 80க்குப் பதில் 70 மீட்டர் என்று வைத்தால் அலை 14 நிமிடம் பிந்துகிறது. அந்தமான் கடலின் ஆழத்தில் அதே 10 மீட்டரைக் குறைத்தால் அரை நிமிடம்கூட மாறவில்லை. ஆக, எந்தத் தகவலைத் துல்லியமாகத் தேட வேண்டும், எதில் மேலோட்டமாக இருக்கலாம் என்று ஐந்து நிமிடக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. நீரிணையின் ஆழ வரைபடத்துக்குத்தான் அலைய வேண்டும்.

அடுத்தது சமன்பாடு. இதில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைக் கழிப்பது என்பதுதான் பாடு. அரை மணி நேரத்துக்கு ஒரு முறை மேலும் கீழும் அசையும் அலை என்று கொண்டால், 80 மீட்டர் ஆழத்தில் அதன் நீளம் 50 கிலோமீட்டர். தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீரைவிடத் தட்டை. ஆகவே மேலிருந்து அடிவரை தண்ணீர் ஒரே வேகத்தில் நகர்வதாக எடுத்துக்கொள்ளலாம். செங்குத்து அசைவைத் தனியாகக் கணக்கிட வேண்டாம். பூமி சுழல்வதால் வரும் திருப்பலையும் முதல் சுற்றில் விட்டுவிடலாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஐந்தே பாகை தள்ளி இருக்கிறோம். அடித்தரையின் உராய்வை மட்டும் கழிக்க முடியாது. ஆழ்கடலில் அது ஒன்றுமில்லை, இங்கே மூன்றரை மணி நேரம் அலை தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது.

மிஞ்சுவது இரண்டே வாக்கியங்கள். ஒரு கட்டத்துக்குள் வந்த தண்ணீரில் வெளியே போனதைக் கழித்தால் அங்கே மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்பது தெரியும். பக்கத்துக் கட்டங்களின் மட்ட வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது, உராய்வு அதைப் பிடித்து இழுக்கிறது. இவற்றை வகைக்கெழுவில் எழுதினால் ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகள். 1871இல் பிரான்சில் சான் வெனான் ஆற்று ஓட்டத்துக்காக எழுதியதும் இதே குடும்பம்தான்.

பிறகு தொடக்க நிலை. பிளவின் நீள அகலம், சாய்வு, நழுவிய தூரம் ஆகியவற்றைக் கொடுத்தால் கடலடி எங்கே எவ்வளவு உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது என்று சொல்ல 1985இல் ஜப்பானின் ஒகாடா தந்த சூத்திரங்கள் இருக்கின்றன. கடலடி அசைந்த அசைவையே கடலின் மேல்மட்டத்துக்கும் கொடுத்துவிடுகிறோம். இங்கே குறி மாறினால் கதையே தலைகீழ். பிளவின் மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால்தான் இந்தியக் கரைக்கு முதலில் மேடு போனது; புக்கெட் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது. உங்கள் மாதிரியில் புக்கெட்டில் முதலில் தண்ணீர் ஏறினால் எங்கோ ஒரு கழித்தல் குறி காணாமல் போயிருக்கிறது.

இனி கடலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர் என்றால், 1,000க்கு 1,000 கிலோமீட்டர் பரப்பில் 10 லட்சம் கட்டங்கள். நீரின் உயரத்தைக் கட்டத்தின் நடுவிலும், ஓட்டத்தைக் கட்டத்தின் சுவர்களிலும் வைத்துக்கொண்டால் கணக்கு ஒழுங்காக நடக்கும். நேரத்தையும் துண்டாக்க வேண்டும். இதில் 1928இல் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் சொன்ன நிபந்தனையை மீற முடியாது: ஒரு நேரத்துண்டுக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. ஆழம் 4,000 மீட்டர் உள்ள இடத்தில் அலை வினாடிக்கு 198 மீட்டர் ஓடுகிறது. மூலைவிட்டத்தையும் கணக்கில் எடுத்தால் நேரத்துண்டு மூன்றரை வினாடிக்குள் இருக்க வேண்டும். 3 வினாடி வையுங்கள். ஐந்து மணி நேரத்துக்கு 6,000 துண்டு. மொத்தம் 600 கோடி தடவை அதே கூட்டல் கழித்தல். கட்டத்தைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்கு ஏறும்.

அவசரத்தில் நேரத்துண்டை 10 வினாடி என்று வைத்துப் பாருங்கள், ஒரு முறை பார்ப்பது நல்லது. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஆழமான கட்டங்களில் ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக ரம்பப் பல் போல எழும். சற்று நேரத்தில் கடல் இமயமலையைத் தாண்டும்.

இந்த மாதிரி வெடிப்பு நல்ல பிழை, முகத்தில் அறைந்து சொல்லிவிடும். என்னை ஏமாற்றியது வேறொன்று. கணக்கிடும் பரப்பு எங்கோ முடிந்தாக வேண்டும்; நிஜக் கடல் அங்கே முடிவதில்லை. அந்த விளிம்பில் அலை வெளியேறிப் போகும்படி வழி விட வேண்டும். நான் தெற்கு விளிம்பைத் தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். முதல் அலை பினாங்கைத் தொட்டது, நேரமும் சரியாக இருந்தது. பிறகு இரண்டாவது அலை வந்தது. நிஜத்திலும் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே வந்தன? மாதிரி அபாரம் என்று இரண்டு நாள் மிதந்தேன். சந்தேகம் வந்து, தெற்கு விளிம்பை 100 கிலோமீட்டர் தள்ளி வைத்து ஓட்டினேன். முதல் அலை நகரவில்லை. இரண்டாவது அலை மட்டும் பிந்தி வந்தது. விளிம்பை நகர்த்தினால் நகரும் அலை கடலின் அலை இல்லை. நான் கட்டிய சுவரில் மோதித் திரும்பிய அலை. அன்றிலிருந்து எந்த மாதிரியை ஓட்டினாலும் விளிம்பை ஒரு தடவை நகர்த்திப் பார்க்காமல் விடுவதில்லை.

சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அலையே இல்லாத கடலை ஓட்டுங்கள். மேடு பள்ளமான தரையின் மேல் தண்ணீர் அசையாமல் கிடக்க வேண்டும். பல நிரல்கள் இதிலேயே தோற்கும், தரைச் சரிவில் தானாக ஓட்டம் பிறக்கும். அடுத்து, கையால் தீர்த்த விடையுள்ள எளிய கணக்கு. நாட்டிங்ஹாமில் மாவு ஆலை நடத்திய ஜார்ஜ் கிரீன் 1838இல் தந்த விதி இதற்கு வாகானது: ஆழம் 16இல் ஒரு பங்கானால் அலையின் உயரம் இரண்டு மடங்காகும். 80 மீட்டர் ஆழத்திலிருந்து 5 மீட்டருக்கு ஒரு சீரான சரிவைக் கட்டி, உராய்வை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். இரண்டை ஒட்டி வராவிட்டால் மேலே போக வேண்டாம்.

கடைசியாகத்தான் நிஜம். அதிர்வு நடந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலின் மேலே போனபோது அலையின் உயரத்தை அளந்துவிட்டது. நடுக்கடலில் அது சுமார் 60 சென்டிமீட்டர். கரையில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் நம்ப முடியாததாக இருக்கும். மிண்டன் குழு தன் மாதிரியின் விடைகளைக் கரையில் அளந்த ஏற்ற உயரங்களோடு ஒப்பிட்டது. கண்டல் காடு அலையை எவ்வளவு தணிக்கும் என்பதையும், உராய்வில் கூடுதலாக ஒரு உறுப்பைச் சேர்த்துக் கணக்கிட்டது. இரண்டு ஆய்வுகளும் 2009இல் வெளியாயின.

நம் ஒரு கிலோமீட்டர்க் கட்டத்துக்கு அவ்வளவு கண் தெரியாது. பத்து ஃபெரிங்கி கடற்கரை மொத்தமும் அதில் சில கட்டங்கள்தான். கரையை நெருங்க நெருங்க 200 மீட்டர், 50 மீட்டர் என்று கட்டத்துக்குள் கட்டமாக நுழைய வேண்டும். ஆனாலும் ஒன்று அதில் தெளிவாகத் தெரிகிறது. அலை தீவின் வடக்கிலும் மேற்கிலும் முகத்தில் அடிக்கிறது. கிழக்கே, பாலம் இறங்கும் கெலுகோர் பக்கம், தீவே ஒரு திரையாக நிற்கிறது. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். சேதம் பெரும்பாலும் பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங், பூலாவ் பெத்தோங் என்று வடக்கு, மேற்குக் கரைகளில்தான்.

ஓட்டி முடித்த பிறகு நான் படத்தை ஒரே ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டுவது வழக்கம். நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் புகுந்தது அங்கே ஒன்பது மணி வாக்கில்; இங்கே கடிகாரத்தில் பதினொன்றரை. அலை திட்டின் மேல் ஏறி அப்போது ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். காகிதக் கணக்கின்படி அது பினாங்குக்கு இன்னும் 180 கிலோமீட்டர் தள்ளி, மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்துகொண்டிருந்தது. பத்து ஃபெரிங்கியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்த நேரம்.